அஜந்தாவை அச்சிட்ட ஜப்பானியர்

அஜந்தாவும் எல்லோராவும் ஹைதராபாத் நிஜாமின் ஆட்சியில் இருந்த காலம் அது. 1930 கடைசியில் ஹிரோஷி யோஷிடா என்ற ஜப்பானிய ஓவியர் மகன் தோஷியோடு இந்தியாவுக்குப் புறப்பட்டார். காஞ்சன்ஜங்கா, காசி, தாஜ்மகால், மதுரைக் கோயில், இந்த இரண்டு குகைக்கோயில்கள் எல்லாம் அந்தப் பயணத்தின் பயனாக மரக்கட்டை அச்சுப் படங்களாயின. இந்தியா, தென்கிழக்காசியா வரிசையில் மொத்தம் 32 படங்கள். ஜப்பானிய நிலக்காட்சி அச்சுகளைச் சேகரிக்க விரும்பும் ஹைதராபாத்வாசி ஹொகுசாய், ஹிரோஷிகே என்ற ஓவியர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இங்கிருந்து தொடங்குங்கள் என்பேன். நாம் பார்த்துப் பழகிய பாறை, நமக்குத் தெரிந்த வெயில்; ஓவியர் அதை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று நம் கண்ணே சொல்லிவிடும்.

மசூலிப்பட்டினத்துக் கலம்காரித் துணியைப் போலவே ஜப்பானிய மரக்கட்டை அச்சிலும் நிறத்துக்கு நிறம் கட்டை மாறும். செர்ரி மரப்பலகையில் முதலில் கோட்டுருவத்தைச் செதுக்குவார்கள். பிறகு ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பரப்பு. கட்டையின் ஓரத்தில் வெட்டிய இரண்டு சிறு பள்ளங்களில் தாளைப் பொருத்துவதால் நிறம் இடம் விலகாது. அச்சு எந்திரம் கிடையாது. ஈரத் தாளின் முதுகில், மூங்கில் மடல் சுற்றிய வட்டத் தேய்ப்பானால் கையாலேயே அழுத்துகிறார்கள். வானம் மேலே அடர்ந்து கீழே வெளுப்பது, கட்டையிலேயே சாயத்தை ஈரத்தால் கரைத்துவிடுவதால் வருவது. ஒவ்வொரு தாளுக்கும் அதைப் புதிதாகச் செய்தாக வேண்டும். அதனால்தான் ஒரே கட்டையில் பிறந்த இரண்டு படங்கள் அச்சு அசலாக ஒன்றுபோல் இருப்பதில்லை.

யோஷிடா இதையே தன் பலமாக்கிக்கொண்டார். 1926இல் வந்த பாய்மரப் படகுகள் படத்தைச் சாயங்களை மாற்றி மாற்றிக் காலையாக, மாலையாக, மூடுபனியாக, இரவாக அச்சிட்டார். எனக்கு இதைவிடப் பெரிய அதிசயம் இந்தக் கலையில் இல்லை.

வாங்கும்போது இடப்பக்க வெள்ளை ஓரத்தைப் பாருங்கள். ஜிஸூரி என்ற சிறு முத்திரை இருந்தால், பொதுவாக அது அவர் மேற்பார்வையில் அச்சான படி. 1950இல் அவர் மறைந்த பிறகு அதே கட்டைகளில் குடும்பத்தார் அச்சிட்ட படிகளில் அது இருக்காது. சட்டத்துக்குள் அடக்க ஓரத்தை நறுக்கியிருந்தால் அந்தச் சான்றும் போயிற்று. அத்தகைய படியை மலிவாகக் கொடுத்தாலும் தயங்குங்கள். தாளைத் திருப்பியும் பாருங்கள். தேய்த்த தடமும் ஊறி வந்த நிறமும் பின்பக்கம் தெரிய வேண்டும்.

நேர்வெயில் படும் சுவரில் மாட்ட வேண்டாம், சாயம் வெளுத்துவிடும். அமிலமற்ற அட்டைக்குள் வைத்து, மழைக்காலத்தில் பூஞ்சை படிகிறதா என்று அவ்வப்போது எடுத்துப் பாருங்கள்.