குரல் மட்டும் தெரிந்த காலம்

1949-இல் 'மஹால்' என்ற இந்திப் படம் வந்தது. அதில் மதுபாலா பாடுவதாக வரும் பாட்டின் இசைத்தட்டில், பாடியவர் பெயர் 'காமினி' என்றிருந்தது. அது மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர்! யார் அந்தக் குரல் என்று வானொலிக்குக் கடிதங்கள் குவிந்தன. விசாரித்த பிறகுதான் லதா மங்கேஷ்கர் என்ற பெயர் வெளியே வந்தது.

தன் பெயரைத் தெரியப்படுத்துவதில் முந்தைய தலைமுறை கெட்டி. 1902-இல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டு முடிந்ததும் தன் பெயரைத் தானே ஆங்கிலத்தில் அறிவித்துவிடுவார்.

குரல் மட்டும் தெரிந்த கதை நம் ஊரிலும் உண்டு. திருச்சி வானொலி 1939-இல் தொடங்கியது. 1950-களில் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஓரங்கட்ட, நேயர்கள் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பினார்கள். அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரல் அத்துப்படி, முகம்? பலர் பார்த்ததே இல்லை. பாடகர்களும் அப்படித்தான். பத்திரிகையில் எப்போதாவது ஒரு மங்கலான படம் வரும், அவ்வளவுதான்.

இன்று திருச்சி எடமலைப்பட்டி புதூரில் பேருந்துக்கு நிற்கும் கல்லூரி மாணவிக்கு, பிடித்த பாடகர் காலையில் சாப்பிட்டது வரை இன்ஸ்டாகிராமில் தெரிந்துவிடுகிறது. இளையராஜாவே தன் சிம்பொனியை எழுதி முடித்த செய்தியை 2024-இல் வீடியோவில்தான் சொன்னார்.

ஹெல்மெட்டால் முகம் மறைத்தே புகழ்பெற்ற பிரெஞ்சு இசை இரட்டையர் டாஃப்ட் பங்க், 2021-இல் தங்கள் பிரிவை அறிவித்ததும் யூடியூப் வீடியோ வழியாகத்தான். அதிலும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.