மேடைக்குப் போட்ட பூட்டு

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையிலே இரவு ஷிப்டு முடிந்து சைக்கிளை மிதிக்கும் தோழர்கள், கோடைக்காலத்திலே பக்கத்துக் கிராமத்துத் திரௌபதி அம்மன் கோயில் திடலிலே கூத்து முடியும் தறுவாயிலே இருப்பதைக் கண்டிருப்பார்கள். விடிய விடியத் துரியோதனன் தொடை தட்டினான். பாஞ்சாலி கூந்தலை விரித்தாள். ஆனால் கூட்டம் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது யாரைக் கண்டு? கட்டியக்காரனைக் கண்டு! அத்தினாபுரத்து அரண்மனை வாயிலிலே நின்றுகொண்டே அரிசி விலையைப் பேசுவான். ஊர்ப் பெரிய மனிதரைக் கிண்டல் செய்வான். ஓட்டுக் கேட்டு வந்தவர் பிறகு எட்டிப் பார்க்காததைச் சொல்லுவான். மன்னனும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதுதான். கிரீடம் வெறும் கட்டை என்பது அவனுக்கும் தெரியும், கூட்டத்துக்கும் தெரியும்!

நாடகம் பொழுதுபோக்கு என்பார் சிலர். பொழுதுபோக்குக்கா சட்டம் போடுவார்கள்? கல்கத்தாவிலே வேல்ஸ் இளவரசருக்கு வீட்டு அந்தப்புரத்தையே திறந்துவைத்து வரவேற்பளித்தார் ஒரு கனவான். அவரை மேடையிலே கேலி செய்தனர் நாடகக்காரர்கள். துரைத்தனத்துக்கு வந்தது ஆத்திரம். 1876இல் பிறந்தது நாடகக் காட்சிச் சட்டம். அரசை இகழும் ஆட்டத்தைத் தடுக்கலாம், ஆடுவோரைப் பிடிக்கலாம், திரைச்சீலையையும் வேடத்துணியையும் கூடப் பறிமுதல் செய்யலாம். பீரங்கி வைத்திருந்த பேரரசு, முகத்திலே சாயம் பூசிய நாலு பேருக்கு அஞ்சிற்று!

நம் மண்ணிலே, முடிதிருத்தும் குலத்திலே பிறந்த விசுவநாததாஸ், முருகன் வேடத்திலே நின்று விடுதலைப் பாட்டுப் பாடுவார். பாட்டு முடிவதற்கும் விலங்கு வருவதற்கும் சரியாக இருக்கும். 1940 டிசம்பர் 31 இரவு, சென்னை மேடையிலே, அந்த வேடத்தோடேயே உயிர் நீத்தார்.

சரி, வெள்ளையன் போய்விட்டான். பூட்டைக் கழற்றினார்களா? இல்லை! 1954இல் சென்னை ராஜ்யத்துக்கென்று புதுப்பூட்டே செய்தார்கள். நடிகவேள் எம்.ஆர். இராதாவின் இராமாயண நாடகத்தின்மீது பாய்ந்த கோபம் அதிலே ஏறியிருந்ததை அன்று நாடே அறியும். ஏன் அவ்வளவு கோபம்? தேவர்களும் ராஜாக்களும் நின்ற இடத்திலே, அண்ணாவின் 'ஓர் இரவு', 'வேலைக்காரி' நாடகங்கள் ஏழையைக் கொண்டுவந்து நிறுத்தின. மாளிகையின் கொல்லைப்புறத்தைப் பாமரன் முதன்முதலாகப் பார்த்தான். பார்த்தவன் சும்மா இருப்பானா? வீட்டுக்குப் போய்த் தன் ஊர் மாளிகையையும் பார்த்தான்!

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1967இல், மேடையிலே வளர்ந்தவர்களே கோட்டைக்குள் நுழைந்தனர். வசனம் எழுதிய கரங்கள் கோப்புகளிலே கையொப்பமிட்டன. ஆயினும் 1954 சட்டம் ஏட்டிலேயே இருந்தது! நம்மவர் கையிலே சாவி இருக்கிறது, கவலை என்ன என்று எண்ணிவிட்டோம் போலும். சாவி கைமாறும் என்பதை மறந்தோம். கடைசியிலே 'பரீக்ஷா' நாடகக் குழுவின் ஞாநி வழக்குத் தொடுத்தார். 2013இல் சென்னை உயர்நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளைச் செல்லாது என்று தள்ளியது. 1876 சட்டமோ 2018இல்தான் நீங்கியது. நாம் செய்திருக்க வேண்டிய வேலையை ஒரு நாடகக்காரர் நீதிமன்றப் படியேறிச் செய்தார் என்பதிலே நமக்குப் பெருமை இல்லை.

இந்த நோய் நமக்கு மட்டுமா? கென்யா 1963இல் விடுதலை பெற்றது. அங்கே காமிரீத்து என்னும் ஊரிலே, உழவரும் செருப்பாலைத் தொழிலாளரும் தம் கையாலேயே திறந்தவெளி அரங்கு கட்டினர். கூகி வா தியாங்கோ அவர்களோடு சேர்ந்து, ஆங்கிலத்தை விட்டுத் தாய்மொழியாம் கிக்கூயுவிலே நாடகம் போட்டார். நிலத்தைப் பறித்த புதுப் பணக்காரன் யார் என்று கேட்டது அந்நாடகம். 1977இல் அனுமதி ரத்து. ஆண்டு முடியுமுன் கூகி சிறையிலே! 1982இல் அரங்கையே இடித்துத் தள்ளினர். இடித்தவன் வெள்ளையன் அல்லன்; சொந்தக் கொடி பறக்கும் சொந்த சர்க்கார்!

நம் நாட்டிலேயே, டில்லியை அடுத்த சாகிபாபாத் தொழிற்பேட்டையிலே, 1989 ஜனவரி 1 அன்று தொழிலாளர் நடுவே தெருநாடகம் ஆடிய சப்தர் ஹாஷ்மியைக் குண்டர்கள் தாக்கினர், மறுநாள் மாண்டார். ராம் பகதூர் என்ற தொழிலாளியும் அன்று பலியானார். மூன்றே நாளிலே அவர் துணைவியார் மலயஸ்ரீ குழுவோடு அதே இடத்துக்கு வந்து, நின்றுபோன நாடகத்தை ஆடி முடித்தார். சட்டப் பூட்டு கழன்றாலும் தடிப் பூட்டு ஒன்று இருக்கிறது, தோழர்களே!

இன்று நம் கும்மிடிப்பூண்டியிலே உருக்காலை வாயிலில் தமிழோடு ஒடியாவும் இந்தியும் கேட்கிறது. ஒடிசாவிலிருந்து வந்த தோழனுக்கும் 'ஜாத்ரா' என்ற நாடகம் ஊரிலே உண்டு; விடிய விடியப் பார்த்து வளர்ந்தவன்தான். இங்கே திடலின் ஓரத்திலே, மொழி புரியாமல் நிற்கிறான். அவன் கதையும் நம் கதைதானே! காண்டிராக்டர் பிடித்துக்கொண்ட கூலி, இல்லாத கையுறை, எட்டு பேருக்கு ஒரே அறை.

அடுத்த கோடையிலே கூத்து கட்டும்போது, கட்டியக்காரனைத் தனியே அழைத்து இவற்றைச் சொல்லிவையுங்கள். ஒடியாவிலே நாலு வார்த்தையும் கற்றுக்கொடுங்கள். கற்றுத்தர ஆள் உங்கள் பக்கத்து மெஷினிலேயே நிற்கிறான்.