கண்ணாடி உடையாது, நத்தை உடையும்

நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறார். ஃபுளோரிடாவிலிருந்து லைவ் ராக் (கடலுயிர்கள் குடியேறிய பாறை) வரவழைத்துத் தொட்டியில் இறக்கியதும், இரவு விளக்கணைத்த பிறகு உள்ளேயிருந்து ‘டிக், டிக்’ என்று சத்தம் வர ஆரம்பித்திருக்கிறது. விடிந்து பார்த்தால் நத்தை ஓடுகள் சில்லுச் சில்லாகக் கிடக்கின்றன. ஒரு நாள் டார்ச் அடித்துப் பார்த்ததில், பாறைப் பொந்திலிருந்து காம்பின் மேல் நின்ற இரண்டு கண்கள் இவரைத் திரும்பிப் பார்த்தன. மான்டிஸ் இறால். பாறையோடு தூக்கிப் பிடித்தும்விட்டார். கொல்லக் கூடாது என்கிறான் மகன். பெரிய தொட்டியோடு குழாயால் இணைந்த, பாசி வளர்க்கும் ரெஃப்யூஜியம் என்னும் துணைத் தொட்டியில் விட்டால் என்ன என்பது இவர் யோசனை. கணவரோ யூட்யூபில் எதையோ பார்த்துவிட்டு, “கண்ணாடிய உடைச்சிடும், தண்ணியெல்லாம் கீழ்வீட்டுக்காரர் தலையிலதான் இறங்கும்” என்கிறாராம். யார் சொல்வது சரி?

மகன் சொல்வது சரி. உங்கள் யோசனையும் சில நிபந்தனைகளோடு சரிதான். கணவருக்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவர் பார்த்த காணொளியை நான் பார்க்கவில்லை. ஆனால் அதில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று ஊகிக்க முடிகிறது. இந்தப் பிராணி துப்பாக்கிக் குண்டின் வேகத்தில் குத்தும், குத்தும்போது சூரியனின் மேற்பரப்பு அளவுக்கு வெப்பம் கிளம்பும், மனிதர் கண்டிராத நிறங்களையெல்லாம் காணும். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

குத்தின் வேகத்தை முதன்முதலில் ஒழுங்காக அளந்தவர் ஷீலா பாடெக். பெர்க்லி கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அதிவேகக் கேமராவில் மயில் மான்டிஸ் இறாலைப் படம்பிடித்து 2004ல் நேச்சர் இதழில் வெளியிட்டார். உச்ச வேகம் நொடிக்கு 14 முதல் 23 மீட்டர். அதாவது அதிகபட்சம் மணிக்குச் சுமார் 83 கிலோமீட்டர். சாதாரண .22 குண்டுகூட நொடிக்கு 300 மீட்டரைத் தாண்டிப் போகும். குண்டோடு ஒப்பிடத்தக்கது வேகம் அல்ல, முடுக்கம். அது புவியீர்ப்பைப் போலப் பத்தாயிரம் மடங்கு வரை போகிறது. வேகத்தையும் முடுக்கத்தையும் குழப்புகிறவர்களை மறுபடி பள்ளிக்கூடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும்.

சூரிய வெப்பக் கதை இன்னொரு பிராணியிடமிருந்து கடன் வாங்கியது. கொடுக்கைச் சொடுக்கிக் குமிழி உண்டாக்கும் பிஸ்டல் இறாலிடம், அந்தக் குமிழி உடையும்போது மின்னும் ஒளியை 2001ல் கண்டுபிடித்தார்கள். குமிழிக்குள் 5,000 கெல்வினாவது இருக்கும் என்று கணக்கிட்டது அந்த இறாலுக்குத்தான். (தொட்டியில் ‘டிக்’ சத்தம் கேட்டதுமே மான்டிஸ் என்று முடிவு கட்டவும் கூடாது. அதே லைவ் ராக்கில் பிஸ்டல் இறாலும் ஏறி வரும். நொறுங்கிய ஓடுகள்தான் சரியான தடயம்.)

நிறங்கள்? நமக்கு மூன்று வகை நிற உணர்வணுக்கள் என்றால் மான்டிஸ் இறாலுக்குப் பன்னிரண்டு. அது உண்மை. ஆனால் 2014ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இரை கொடுத்துப் பழக்கிச் சோதித்தபோது, அலைநீளத்தில் 12 முதல் 25 நானோமீட்டர் வரை நெருங்கிய இரு நிறங்களை அதனால் பிரித்தறிய முடியவில்லை. நாம் ஒன்று முதல் நான்கு நானோமீட்டர் வித்தியாசத்தையே கண்டுபிடித்துவிடுகிறோம். புடவைக் கடைக்கு அதை அழைத்துப் போவதில் பயனில்லை.

இவ்வளவையும் கழித்த பிறகு மிச்சமிருப்பது குத்தும் அந்த முன்கால் வேலை செய்யும் விதம். எந்த மிகையும் தேவைப்படாத விஷயம் அது.

சிக்கல் இதுதான். தசையால் பலமாக இழுக்க முடியும், அல்லது வேகமாக இழுக்க முடியும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது. மான்டிஸ் இறாலின் முன்காலில் இருப்பதும் அதே சாதாரணத் தசைதான். அதை வைத்துக்கொண்டு மூன்று மில்லி நொடிக்குள் ஒரு குத்தை முடிப்பது எப்படி?

கேரம் ஆடியவர்களுக்கு விடை விரல் நுனியில் இருக்கிறது. ஆள்காட்டி விரலை நீட்டி ஸ்ட்ரைக்கரை வெறுமனே தள்ளிப் பாருங்கள், பாதிப் பலகைகூடத் தாண்டாது. அதே விரலைக் கட்டைவிரலுக்குப் பின்னால் சிக்க வைத்து, வெளியே வரத் திமிறும் விரலைக் கட்டைவிரல் மறித்துப் பிடித்திருக்க, சட்டென்று விடுங்கள். ஸ்ட்ரைக்கர் எதிர்ச் சட்டத்தில் மோதித் திரும்பி வருகிறது. விரலுக்குப் புதிதாகத் தசை எதுவும் முளைத்துவிடவில்லை. மெதுவாகச் சேர்த்ததை ஒரே கணத்தில் செலவழித்தோம், அவ்வளவுதான்.

மான்டிஸ் இறாலின் காலில் நீட்டும் தசை பெரியது, மடக்கும் தசை சிறியது. குத்துவதற்கு முன் இரண்டும் சேர்ந்தே இறுகுகின்றன. சிறியது பெரியதை எப்படி மறித்துப் பிடிக்கிறது? மடக்கும் தசையின் நாணில் கெட்டியான சிறு துண்டு ஒன்று பதிந்திருக்கிறது. கால் மடங்கியதும் அது ஓட்டின் விளிம்பில் போய்க் கொண்டியாக மாட்டிக்கொள்கிறது. அங்கே நெம்பும் கோணம் சிறிய தசைக்குச் சாதகமாக இருப்பதால், கொஞ்ச பலத்திலேயே பெரிய தசையைத் தடுத்து நிறுத்திவிடுகிறது. பெரிய தசை இழுத்துக்கொண்டே இருக்கிறது, கால் நகரவில்லை. அந்த இழுப்பு எங்கே போகும்? காலின் மேற்புறத்தில் சேண வடிவத்தில் ஒரு தகடு இருக்கிறது. ஒரு திசையில் மேல்நோக்கியும் அதற்குக் குறுக்கே கீழ்நோக்கியும் வளைந்த தகடு. இப்படி வளைந்தது அமுக்கினால் மடிந்து ஒடிவதில்லை, சீராக வளைந்துகொடுக்கும். அந்தத் தகடும் அதைச் சுற்றிய ஓடும் சேர்ந்ததே வில். தசையின் உழைப்பெல்லாம் அதில் சேர்கிறது. மடக்கும் தசை தளர்ந்ததும் கொண்டி நழுவுகிறது, ஓடு நிமிர்கிறது, மூட்டில் இணைந்த நெம்புகோல் தொடர் அந்தச் சின்ன அசைவைப் பெரிய வீச்சாக மாற்றுகிறது. 2021ல் ஹார்வர்டு குழுவினர் இதை இயந்திரமாகச் செய்து பார்த்தார்கள். கொண்டி விடுபட்ட பிறகும் மூட்டின் வடிவமே ஒரு கணம் காலை நிறுத்தி வைக்கிறது, அதன் பிறகே வில் முழுதாக விரிகிறது என்று அதில் தெரிந்தது. ஒரு கொண்டிக்குப் பின்னால் இன்னொரு கொண்டி.

கேரமை நான் இன்னும் விடுவதாக இல்லை. ஸ்ட்ரைக்கர் காயை அடித்துவிட்டது. ஏறக்குறைய அரை மில்லி நொடி கழித்து, பலகையில் யாரும் எதையும் தொடாமலே, அதே காய்க்கு இன்னொரு அடி விழுகிறது. எதிராளி ‘ஃபவுல்’ என்று எழுந்து நிற்பார். நடுவர் விதிப்புத்தகத்தைப் புரட்டுவார். அடித்தது தண்ணீர். சம்மட்டிபோல் தடித்த கால்முனை ஓட்டில் மோதி எகிறும்போது, இடையிலிருக்கும் நீரின் அழுத்தம் சரேலென்று விழுகிறது. சூடேறாமலே நீர் ஆவிக் குமிழிகளாகிறது. அழுத்தம் திரும்பியதும் குமிழிகள் நசுங்கி, அந்த அதிர்ச்சி ஓட்டைத் தாக்குகிறது. பாடெக்கும் ராய் கால்ட்வெல்லும் 2005ல் அளந்தபோது முதல் அடி 400 முதல் 1,501 நியூட்டன் வரை இருந்தது. குமிழி அடி சராசரியாக அதில் பாதி. சில சமயம் முதல் அடியையும் மிஞ்சியது. இரண்டு கால்களாலும் ஒரே சமயத்தில் குத்தினால் நான்கு அடி. இப்படி ஆடுகிறவரோடு உட்கார்ந்தால் சிவப்புக் காய் தானே எழுந்து குழிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வரலாறு வேண்டும் என்பவர்களுக்கு: கொண்டி விஷயத்தை மால்கம் பரோஸ் 1969லேயே எழுதிவிட்டார், கேமராதான் காத்திருக்க வேண்டியிருந்தது. போதும்.

இத்தனை அடித்தும் கால்முனை ஏன் நொறுங்குவதில்லை என்று கேட்பீர்கள். வெளியே நம் பல்லில் உள்ளது போன்ற கால்சியம் பாஸ்பேட் கனிமம், உள்ளே அடுக்குக்கு அடுக்கு திசை திரும்பிப் படிந்த கைட்டின் இழைகள். விரிசல் நேராகப் போக முடியாமல் சுற்றிச் சுற்றி ஓய்ந்துவிடுகிறது. இது 2012ல் வெளிவந்தது. அந்த அடுக்குகள் தீங்கான உயர் அதிர்வெண் அலைகளை வடிகட்டவும் செய்கின்றன என்பது 2025ல் வந்தது. இப்படி ஒவ்வொரு கட்டுரை வரும்போதும் ‘இனி ராணுவக் கவசம், விமானச் சிறகு’ என்று செய்திகள் கிளம்புகின்றன. அந்தச் செய்திகள் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு. இந்தப் பிராணி தேய்ந்த கால்முனையை ஓட்டோடு சேர்த்துக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிதாக வளர்த்துக்கொள்கிறது. எந்த விமானச் சிறகு அப்படிச் செய்யும்?

இப்போது கண்ணாடிக்கு வருவோம். 1998ல் இங்கிலாந்தில் கிரேட் யார்மத் காட்சியகத்தில் டைசன் என்று பெயரிட்ட மயில் மான்டிஸ் ஒன்று கால் அங்குலக் கண்ணாடியை உடைத்ததாகச் செய்தி வந்தது. கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்த ஒரே டைசன்தான் எல்லாக் காணொளியிலும் கண்ணாடி உடைத்துக்கொண்டிருக்கிறது. மயில் மான்டிஸ் 18 சென்டிமீட்டர் வரை வளரும். மேலே சொன்ன 1,501 நியூட்டனும் அதனுடையதே. மெக்சிகோ வளைகுடாவில் கடலடியில் போட்டு வளர்த்தெடுக்கும் லைவ் ராக்கில் வழக்கமாக ஏறி வருவது நியோகோனோடாக்டிலஸ் வென்னரே என்னும் சிறிய இனம். விரல் நீளம்தான். அதோடு, இந்தப் பேரினம் கண்ணை மூடிக்கொண்டு அடிப்பதில்லை. ஓட்டின் வடிவத்துக்கேற்ப வாய் விளிம்பிலோ கூர் நுனியிலோ இடம் தேர்ந்து, திரும்பத் திரும்ப அங்கேயே குத்துகிறது என்று 2018ல் காட்டியிருக்கிறார்கள். தட்டையான கண்ணாடிப் பரப்பில் அதற்கு விளிம்பும் கிடையாது, உள்ளே தின்ன ஒன்றும் கிடையாது. கண்ணாடியை அது தட்டிப் பார்க்கும், நீங்களும் திடுக்கிடுவீர்கள். முழு நலத்தில் இருக்கும் தொட்டியை விரல் நீளப் பிராணி உடைக்கும் என்று நான் நம்பவில்லை. ஓரம் சில்லு பெயர்ந்த பழைய தொட்டி என்றால் அக்ரிலிக்குக்கு மாற்றுங்கள். அது மான்டிஸ் இல்லாவிட்டாலும் செய்ய வேண்டியதே.

உண்மையான அபாயங்கள் வேறு. ஹீட்டரின் கண்ணாடிக் குழாய் முதலாவது. அதைக் கீழே உள்ள வடிகட்டும் தொட்டியான சம்ப்பில் வையுங்கள். அடுத்தது மருந்து. ரெஃப்யூஜியத்தில் ஓடுவதும் பெரிய தொட்டியின் தண்ணீர்தானே. மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்து யாராவது செப்பு மருந்தை ஊற்றினால் மான்டிஸ் செத்துப்போகும். நோயுற்ற மீனைத் தனித் தொட்டிக்கு மாற்றித்தான் வைத்தியம் பார்க்க வேண்டும். தண்ணீர் வெளியேறும் வாயில் வலை கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரு நாள் பம்ப்பில் போய் நிற்கும்.

இன்னொரு முரண்பாட்டையும் சொல்லியாக வேண்டும். ரெஃப்யூஜியம் வைப்பதே எதற்கு? கீட்டோமார்ஃபா போன்ற பாசி வளர்ந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்ச வேண்டும், மீன் வாய்க்குத் தப்பி ஆம்ஃபிபாடுகள், கோப்பெபாடுகள் என்னும் பொடி உயிர்கள் பெருக வேண்டும். அந்தப் புகலிடத்தில் கொண்டுபோய் வேட்டைக்காரனைக் குடிவைக்கிறீர்கள். பாசிக்கு ஒரு கெடுதலும் இல்லை. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத கோப்பெபாடுகளை அது பொருட்படுத்தாது. ஆம்ஃபிபாடுகள் குறையலாம். பசியில்லாமல் வைத்திருந்தால் குறைவாகக் குறையும். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை சிறு சந்நியாசி நண்டோ, நத்தையோ, உறைய வைத்த இறால் துண்டோ போதும். துண்டை இடுக்கியால் கொடுங்கள். விரலால் கொடுக்கத் துணிந்தவர்கள் மறுமுறை துணிவதில்லை. பொந்துக்கு அதன் உடல் நுழையுமளவு பிவிசி குழாயும் ஒரு கைப்பிடி பாறைச் சில்லுகளும் போட்டால், மிச்ச வேலையை அதுவே பார்த்துக்கொள்ளும்.

இதைப் படித்துவிட்டு ராமேசுவரம் பக்கம் பாறை பெயர்க்கலாம் என்று நினைக்கும் உள்ளூர் ஆர்வலர்களுக்கு ஒரு வார்த்தை. 2001 முதல் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. புலிக்குள்ள பாதுகாப்பு. கைவைத்தால் ஜெயில். நம் இழுவலைகளில் கழிவு மீனோடு வந்து விழும் ஒராட்டோஸ்குவில்லாவும் மான்டிஸ் இனம்தான் என்றாலும், அது சேற்றில் வளைதோண்டி இருந்து முள்ளால் குத்திப் பிடிப்பது. நத்தை உடைக்காது.

வாசகி கடிதத்தின் கடைசியில், பிடித்துத் தனிப் பாத்திரத்தில் வைத்த பிறகு அது பொந்தை அடைத்துக்கொண்டு சாப்பிடாமல் கிடக்கிறது, சத்தமும் இல்லை என்று எழுதியிருந்தார். பெரும்பாலும் ஓடு கழற்றப் போகிறது, அல்லது கழற்றிவிட்டது. புது ஓடு இறுகும் வரை அதனால் குத்த முடியாது, வில்லாக வேலை செய்ய அதனிடம் விறைப்பான ஓடு இல்லை. ஆனாலும் இந்தப் பேரினத்தில் ஒன்று, பொந்துக்கு வேறொன்று வந்தால் முன்கால்களை விரித்துக் காட்டி வெற்று மிரட்டல் விடுவதைக் கால்ட்வெல்லும் சகாவும் 1990ல் எழுதியிருக்கிறார்கள். மிரட்டினாலும் உங்கள் மகனைத் தள்ளியிருக்கச் சொல்லுங்கள், மிரட்டலா நிஜமா என்பது வெளியிலிருந்து தெரியாது. அடைத்த பொந்தை உடைத்துப் பார்க்க வேண்டாம். ஒரு வாரம் பத்து நாள் உணவில்லாமல் அதற்கு ஒன்றும் ஆகாது. பாத்திரத்தின் ஓரத்தில் கண்ணும் காலுமாக முழு உருவம் அசையாமல் கிடந்தால், செத்துவிட்டது என்று பாறையை வெளியே கொட்டிவிடாதீர்கள். முதலில் அந்த உருவத்தைத் தூக்கிப் பாருங்கள், உள்ளே வெற்றாக இருக்கும்.