பில்லில் என்ன எழுதியிருக்கிறது?
முதல் கேமிங் கணினிக்குக் கிராபிக்ஸ் கார்டு வாங்குவோர் கவனத்துக்கு

பெரம்பலூரிலும் அரியலூரிலும் கணினிக் கடை வைத்திருப்பவர்களுக்குப் பிழைப்பு பிரிண்டரிலும் சிசிடிவி கேமராவிலும் மளிகைக் கடைகளுக்குப் போடும் பில்லிங் கணினியிலும்தான். கிராபிக்ஸ் கார்டை வாங்கி அலமாரியில் அடுக்கி வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்காகக் காத்திருக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. பிளஸ் டூ முடித்த பையன் ஒருவன் போய்க் கேட்டால், “திருச்சியில சொல்லி வரவழைச்சுத் தர்றேன் தம்பி, அட்வான்ஸ் குடுத்துட்டுப் போ” என்பார்கள். சிலர் நேரே சென்னைக்குக் கிளம்பி ரிச்சி தெருவில் இறங்கிவிடுவார்கள். அரியலூர்க்காரர்களுக்கு ரயில் உண்டு, பெரம்பலூர்க்காரர்களுக்குப் பஸ்தான். மற்றவர்கள் இணையத்தில் ஆர்டர் போடுவார்கள், அல்லது இன்ஸ்டாகிராமில் யாரோ ஒருவர் விற்கும் பழைய கார்டுக்குப் பணம் அனுப்புவார்கள்.

எந்த வழியில் வாங்கினாலும் ஒரே இடத்தில்தான் ஏமாற்றம் தொடங்குகிறது. வாங்குகிறவர் ஒரு பெயரைக் கேட்கிறார், விற்கிறவர் அதே பெயரைக் கொடுக்கிறார், உள்ளே இருக்கும் சரக்கு மட்டும் வேறு. செட்டிகுளத்துச் சின்ன வெங்காயத்தை மூட்டையைப் பிரித்துக் கையில் அள்ளிப் பார்க்காமல் வாங்காத ஊரில், இருபதாயிரம் ரூபாய்ப் பொருளைப் பெயரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறோம்.

ஜிடி 1030 என்ற சின்னக் கார்டு 2017-ல் வந்தபோது அதில் இருந்த நினைவகம் ஜிடிடிஆர்5 வகை, வேகம் விநாடிக்கு 48 ஜிபி. அடுத்த ஆண்டே அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்துடன் இன்னொன்று வந்தது. அதன் வேகம் 17 ஜிபிகூட இல்லை. பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் உள்ள அந்த ஒரு சொல்லைப் பார்க்காதவருக்கு மூன்றில் ஒரு பங்கு வேகம்தான் வீட்டுக்கு வரும்.

இன்றைய முதல் பில்டுகளில் அதிகம் அடிபடும் ஆர்டிஎக்ஸ் 3050-க்கும் இதே கதைதான். 2022 ஜனவரியில் வந்தது 8 ஜிபி கார்டு. அதில் 2560 கணிப்பு அலகுகள், 128 பிட் நினைவகப் பாதை, 130 வாட் மின்சாரம். 2024 பிப்ரவரியில் வந்த 6 ஜிபி கார்டில் அலகுகள் 2304, பாதை 96 பிட், மின்சாரம் 70 வாட். ‘நினைவகம் மட்டும்தான் ரெண்டு ஜிபி குறைச்சல்’ என்று கடையில் சொன்னால் அது பாதி உண்மை. கார்டே ஒரு படி கீழே உள்ளது. அதற்காக 6 ஜிபி கார்டு மட்டமானது என்று சொல்ல மாட்டேன். எங்கே அது பொருந்தும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

இணையத்தில் கேள்விப்படாத பிராண்டுகளில் மலிவாகக் கிடைக்கும் ஆர்எக்ஸ் 580-க்குப் பின்னால் ‘2048எஸ்பி’ என்று ஒட்டியிருந்தால், அது 2018-ல் சீனச் சந்தைக்காக வந்த வகை. உண்மையான 580-ல் 2304 அலகுகள் இருக்கும். 2048 என்பது அதற்குக் கீழே உள்ள 570-ன் கணக்கு.

தயாரிப்பாளர்களே இந்தப் பெயர் விளையாட்டில் மாட்டிக்கொண்டதும் உண்டு. ஜிடிஎக்ஸ் 970-ஐ 4 ஜிபி என்று விளம்பரம் செய்த என்விடியா, அதில் கடைசி அரை ஜிபி மிகவும் மெதுவானது என்று தெரியவந்தபின் அமெரிக்காவில் வழக்கைச் சந்தித்தது. 2016-ல் கார்டுக்கு 30 டாலர் தர ஒப்புக்கொண்டது. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு கார்டுகளை அறிவித்துவிட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் 12 ஜிபி கார்டை அக்டோபரில், விற்பனைக்கு வரும் முன்பே விலக்கிக்கொண்டது. அந்த 30 டாலர் அமெரிக்காவில் வாங்கியவர்களுக்குத்தான் கிடைத்தது.

நம் ஊரில் சட்டம் என்ன சொல்கிறது? 6 ஜிபி கார்டை 6 ஜிபி என்று சொல்லி விற்பதில் தவறே இல்லை. 8 ஜிபி என்று சொல்லி 6 ஜிபியைக் கொடுத்தால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது நேர்மையற்ற வணிக நடைமுறை. ஆனால் வாயால் சொன்னதை எப்படி நிரூபிப்பது? பில்லில் ‘கிராபிக்ஸ் கார்டு – 1’ என்று மட்டும் இருந்தால், கடைக்காரர் எதைக் கொடுத்திருந்தாலும் அதுதான் கிராபிக்ஸ் கார்டு. ஆகவே பில் போடும்போதே பிராண்டு, முழு மாடல் பெயர், எத்தனை ஜிபி, எந்த வகை நினைவகம், கார்டின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் வரிசை எண், வாரண்டி எத்தனை ஆண்டு என்பதையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். பெட்டியில் உள்ள வரிசை எண்ணும் கார்டில் உள்ளதும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். இதற்குச் சங்கடப்படும் கடையில் வாங்க வேண்டாம்.

பில்லையே தவிர்க்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். “பில் வேணும்னா பதினெட்டு பர்சன்ட் கூடும், எஸ்டிமேட் போட்டுத் தர்றேன்” என்பது பழகிய வசனம். எஸ்டிமேட் சீட்டு பில் ஆகாது. விற்ற பொருளுக்குப் பில் தராமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதே சட்டம் தனியாகச் சொல்கிறது. பெட்டியில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்குள் எல்லா வரியும் அடக்கம். அதற்கு மேல் ஒரு ரூபாய் கேட்டாலும் தவறு. இதைப் பற்றித் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு உதவி ஆணையரிடம் புகார் கொடுக்கலாம், தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டம் அவர்கள் பொறுப்பில்தான் இருக்கிறது. ஆனால் கிராபிக்ஸ் கார்டுகளில் அச்சிடும் விலை பெரும்பாலும் சந்தை விலையைவிட வெகு உயரத்தில் இருக்கும். அதனால் ‘எம்ஆர்பியிலிருந்து நாற்பது சதவீதம் தள்ளுபடி’ என்பதைக் கேட்டு மயங்க வேண்டியதில்லை.

பில்லில் உள்ள ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது. தமிழ்நாட்டுக் கடை என்றால் 33-ல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில் பதிவு, நடப்பில் உள்ளதா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இன்னொரு பழக்கத்தையும் இங்கே கண்டித்தாக வேண்டும். மாமாவின் கடை ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து அந்தப் பெயரில் பில் போட்டு, வரியைத் திரும்ப எடுத்துக்கொள்வது. வரிச் சட்டப்படி அது தவறு என்பது ஒருபுறம். கார்டு பழுதானால், வணிகத்துக்காக வாங்கிய பொருள் என்று எதிர்தரப்பு வாதிட நாமே எழுதிக் கொடுத்த சீட்டாகிவிடும் அது. மறுவிற்பனைக்கோ வணிக நோக்கத்துக்கோ வாங்கியவர் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர் இல்லை.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது’ என்று பில்லின் அடியில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துப் பலர் வாயை மூடிக்கொள்கிறார்கள். நன்றாக இருக்கும் பொருளை மனம் மாறித் திருப்பிக் கொடுக்கப் போனால் அந்த வரி செல்லும். பழுதான பொருளுக்குச் செல்லாது. பழுதுள்ளதைப் பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் நேர்மையற்ற வணிக நடைமுறைதான்.

இனி எதை வாங்குவது என்பது. விலை வாரத்துக்கு வாரம் ஆடுவதால் தொகையை விட்டுவிட்டுத் தன்மையை மட்டும் சொல்கிறேன். வாலரண்ட் மாதிரி விளையாட்டுகள்தான் நோக்கம் என்றால் முதல் நாளே கார்டு தேவையில்லை. ரைசன் 5600ஜி போன்ற, உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள பிராசசரில் ஓடும். பணம் சேர்ந்தபின் கார்டைப் போடலாம். மாறாக, இன்டெல் பிராசசரின் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையில் எதுவும் தெரியாது. புதிய பெரிய விளையாட்டுகளுக்கு 8 ஜிபியைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள். ஆர்எக்ஸ் 6600, இன்டெல் ஆர்க் பி580, ஆர்டிஎக்ஸ் 5050 எல்லாம் இந்த வரிசையில் வருபவை. ஆர்க் கார்டுக்கு மதர்போர்டில் ‘ரீசைசபிள் பார்’ வசதி வேண்டும். பழைய போர்டில் அதைப் போட்டுவிட்டு மெதுவாக ஓடுகிறது என்று கார்டைக் குறை சொல்லக் கூடாது. 4 ஜிபி ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி நான்கு தடத்தில் மட்டுமே போர்டோடு பேசும், பழைய போர்டில் இன்னும் தளர்ந்துவிடும். அதைத் தவிர்ப்பது நல்லது.

அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய டெல், ஹெச்பி கணினியை வாங்கிக் கார்டு போடுபவர்கள் நம் பக்கத்தில் அதிகம். அவற்றின் எஸ்எம்பிஎஸ்சில் கார்டுக்கான தனி மின்கம்பி பெரும்பாலும் இருக்காது. மதர்போர்டின் துளை வழியே 75 வாட் வரைதான் கிடைக்கும். மேலே சொன்ன 70 வாட் 3050, 6 ஜிபி கார்டு சரியான தேர்வாவது இங்கேதான். கேபினெட்டோடு இலவசமாக வரும் ‘450 வாட்’ எஸ்எம்பிஎஸ்சை நம்பி 130 வாட் கார்டைப் போடாதீர்கள். எரிந்த தடம், துரு, உடைசல் ஆகியவற்றுக்கு நிறுவனங்கள் பொதுவாக வாரண்டி தருவதில்லை. கோடையில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில், நல்ல எஸ்எம்பிஎஸ்சும் சரியான எர்த்தும் இல்லாமல் போட்ட கார்டு எரிந்தால் குற்றத்தை நம் தலையில் கட்டுவது அவர்களுக்கு எளிது.

பழைய கார்டு வாங்குவது பெரிய ஆபத்து. 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் கிராபிக்ஸ் கார்டு தேவைப்படாத முறைக்கு மாறியதும், இரவும் பகலும் அதைத் தோண்டிக்கொண்டிருந்த கார்டுகள் உலகம் முழுக்கப் பழைய சந்தைக்கு வந்தன. துடைத்துப் புதுப் பெட்டியில் போட்டால் கண்ணுக்குத் தெரியாது. இன்னும் மோசமானது போலி: பழைய ஜிடிஎஸ் 450 மாதிரி கார்டின் உள் மென்பொருளை மாற்றி, விண்டோஸில் ‘ஜிடிஎக்ஸ் 1050 டிஐ’ என்று காட்டவைப்பார்கள். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருள் 2018-லிருந்து இத்தகைய என்விடியா போலிகள் பலவற்றைக் கண்டுபிடித்து, பெயருக்கு முன்னால் போலி என்றே காட்டுகிறது. பணம் கொடுக்கும் முன் அதை ஓட்டிப் பாருங்கள். பிறகு கனமான ஒரு விளையாட்டை அரை மணி நேரம் ஓடவிட்டுத் திரையில் கோடோ புள்ளியோ வருகிறதா என்று கவனியுங்கள்.

தனி ஆள் தன் பழைய கார்டை விற்றால் அவர் வணிகர் இல்லை, நுகர்வோர் ஆணையத்தில் அவரை நிறுத்துவது கடினம். தெரிந்தே ஏமாற்றியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவின்படி காவல் நிலையத்தில்தான் புகார். முன்பணம் வாங்கிக்கொண்டு எண்ணை முடக்கிவிட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குக்கு மாறுவதற்குள் அழைத்தால்தான் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு, மறுநாள் வரை யோசிக்கக் கூடாது.

லப்பைக்குடிக்காடு பக்கம் வளைகுடாவில் வேலை பார்ப்பவர்கள் பலர். அண்ணன் துபாயிலிருந்து கொண்டுவரும் கார்டு மலிவாகத்தான் இருக்கும். அந்த வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்பதை நிறுவனத்திடம் முன்பே எழுதிக் கேட்டுக்கொள்ளுங்கள். பல நிறுவனங்களில் வாங்கிய நாட்டில் மட்டும்தான் செல்லும்.

இணையத்தில் வாங்கினால் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் துணைக்கு உண்டு. விற்பவர் யார், முகவரி என்ன, எந்த நாட்டில் தயாரானது என்பதைத் தளம் காட்டியாக வேண்டும். பழுதான, போலியான, விளம்பரத்துக்கு மாறான பொருளைத் திரும்பப் பெற விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்தில் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் முடித்துவைக்க வேண்டும். பார்சலைப் பிரிக்கும்போது முகவரிச் சீட்டில் தொடங்கி வரிசை எண் தெரியும் வரை நிறுத்தாமல் வீடியோ எடுத்துவையுங்கள். ‘ஒன்றே ஒன்றுதான் மீதி’ என்று பொய்யாக அவசரப்படுத்துவதும் 2023 நவம்பரிலிருந்து தடை செய்யப்பட்ட உத்திகளில் ஒன்று.

கார்டு பழுதாகி, கடைக்காரர் “கம்பெனியைக் கேளுங்க” என்றும் கம்பெனி “வாங்கின கடையில கேளுங்க” என்றும் பந்தாடினால், இருவருக்கும் எழுத்தில் அனுப்புங்கள். வாட்ஸ்அப் போதும், ஆனால் மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ நல்லது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அவர்கள் நிறுவனத்துக்குப் புகாரை அனுப்புவார்கள், தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை.

தீர்ப்பு வேண்டுமென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 1986-ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தில் விற்றவர் இருக்கும் ஊருக்கோ பிரச்சினை எழுந்த ஊருக்கோ போக வேண்டியிருந்தது. இப்போது வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். கார்டு டெல்லியிலிருந்து வந்திருந்தாலும் ஜெயங்கொண்டத்துக்காரர் அரியலூரிலும், வேப்பந்தட்டைக்காரர் பெரம்பலூரிலும் வழக்குத் தொடரலாம். ஐந்து லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். பையனுக்குப் பதினெட்டு வயது ஆகாவிட்டால் அப்பாவோ அம்மாவோ அவனுக்காகப் புகார் கொடுக்கலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். கடையையும் நிறுவனத்தையும் சேர்த்தே எதிர்தரப்பாக்குங்கள், ஒருவரை விட்டால் மற்றவர் அவரைத்தான் கைகாட்டுவார்.

பழுதைச் சோதித்துத்தான் அறிய முடியும் என்றால் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அப்படிப்பட்ட வழக்கை ஐந்து மாதத்திலும் மற்றதை மூன்று மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம், நடைமுறையில் இழுக்கும். அதுவரை கார்டைத் திறந்து பார்க்காதீர்கள். ஸ்க்ரூவின் மேல் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டால், “நாங்க குடுத்தப்ப நல்லாத்தான் இருந்துச்சு, இவங்கதான் கழட்டிப் பாத்திருக்காங்க” என்ற பதிலை நாமே தயாராக்கிக் கொடுத்ததாகிவிடும்.