பழைய பிக்அப்பே போதுமா, புது மாடல் எடுக்கலாமா? - ஷோரூம் போறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு!

ராத்திரி 10 மணிக்கு சித்தப்பாவிடமிருந்து போன். ஒட்டன்சத்திரம் பக்கத்தில் காய்கறி லோடு அடிக்கிறவர். தோட்டத்தில் இருந்து தக்காளி, முருங்கை, கத்திரிக்காயை ஏற்றி மார்க்கெட்டில் இறக்குவதுதான் வேலை. விடியற்காலை 3 மணிக்கு எழுந்துகொள்கிற மனுஷன் அந்த நேரத்தில் கூப்பிட்டால், விஷயம் பெரிசுன்னு அர்த்தம்.

"பாப்பா, ஷோரூம்ல இருந்து ஆள் வந்துட்டுப் போச்சு. பழைய வண்டிக்கு 2.75 லட்சம் தர்றாங்களாம். மீதிக்கு லோன் போட்டு புது மாடல் எடுத்துக்கச் சொல்றாங்க. ஜி.எஸ்.டி வேற குறைஞ்சிருக்காம். எடுத்துரவா?"

சித்தப்பாவுடையது 2017-ல் வாங்கிய பிக்அப். அஞ்சு வருஷ லோன் 2022-ல்தான் முடிந்தது. அதுக்கப்புறம்தான் வீட்டில் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். தங்கச்சி இப்போ இன்ஜினீயரிங் ரெண்டாவது வருஷம். இந்த நேரத்தில் மறுபடியும் ஒரு இ.எம்.ஐ-யா? இன்னொரு பக்கம், வண்டி மாசத்துக்கு ரெண்டு நாள் மெக்கானிக் ஷெட்டில் நிற்கிறது. அவர் ஸ்டாண்டிலேயே ஒரு அண்ணன் ஆசைப்பட்டு புது வண்டி எடுத்து, மூணு டியூ கட்ட முடியாமல் ஃபைனான்ஸ்காரர்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போன கதையும் கண் முன்னாடி இருக்கிறது.

2005-ல் டாடா ஏஸ் வந்து 'குட்டி யானை'ன்னு பேர் வாங்கினதில் இருந்து, 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த், பிறகு பொலிரோ பிக்அப்பின் புதுப்புது மாடல்கள் என, நம்ம ஊரில் சின்ன சரக்கு வண்டியை நம்பி ஓடும் குடும்பங்கள் ஏராளம். உங்கள் வீட்டிலும் அப்பாவோ, மாமாவோ, அண்ணனோ இதே கேள்வியோடு இருக்கலாம். அவர்களோடு உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு இதுதான்.

முதல்ல ஒரு டைரி போடுங்க

"வண்டி ரொம்ப செலவு வைக்குது" என்பது ஃபீலிங். எவ்வளவு என்பதுதான் கணக்கு. ஆறு மாசத்துக்கான விவரத்தை போன் நோட்ஸிலேயே எழுதலாம். மூணே மூணு விஷயம். ஒன்று, லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கிடைக்கிறது. டேங்க் ஃபுல் செய்து, ஓட்டி, மறுபடி ஃபுல் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு, ரிப்பேருக்கு மாசம் எவ்வளவு போகிறது. மூன்று, வண்டி நின்றுபோனதால் எத்தனை நாள் லோடு போச்சு.

மூன்றாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். மெக்கானிக்குக் கொடுத்த 2,000 ரூபாய் ஞாபகம் இருக்கும். அன்றைக்கு ஓட்டியிருந்தால் கையில் நின்றிருக்கும் 1,800 ரூபாய் ஞாபகம் இருக்காது. அதைவிட முக்கியம், ரெண்டு தடவை வண்டி வராவிட்டால் தோட்டக்காரர் வேற வண்டியைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவார்.

இ.எம்.ஐ Vs மிச்சம்... எது பெரிசு?

இப்போ சித்தப்பாவோட கணக்குக்கு வருவோம். ஆன்-ரோடு 9.75 லட்சம், பழைய வண்டிக்கு 2.75 லட்சம். மீதி 7 லட்சம் லோன். 11 சதவிகித வட்டி, 48 மாசம் என்று வைத்தால் இ.எம்.ஐ சுமார் 18,100 ரூபாய். நாலு வருஷத்தில் வட்டி மட்டுமே கிட்டத்தட்ட 1.68 லட்சம்.

இனி புது வண்டியால் என்ன மிச்சமாகும்னு பார்க்கலாம். மாசம் 2,500 கி.மீ ஓடுகிறது. பழைய வண்டி லிட்டருக்கு 12 கி.மீ தருகிறது. புதுசு 15 தரும் என்றே வைத்துக்கொள்வோம். மாசம் சுமார் 41 லிட்டர் மிச்சம். லிட்டர் 92 ரூபாய் என்றால் 3,800 ரூபாய். ரிப்பேர் செலவு 4,000-ல் இருந்து 1,500 ஆகக் குறைந்தால் 2,500 மிச்சம். நின்றுபோகிற ரெண்டு நாள் இல்லை என்றால் 3,600. ஆக மொத்தம் 9,900 ரூபாய்.

ஆனால், புது வண்டியின் மதிப்பு அதிகம் என்பதால் ஃபுல் இன்ஷூரன்ஸ் பிரீமியமும் ஏறும். அதுக்கு மாசம் 1,000 கழித்தால் நிகர மிச்சம் 8,900. (மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வண்டியின் வயசைப் பார்க்காது. 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, 7,500 கிலோ வரையிலான வாடகை சரக்கு வண்டிகளுக்கு ஒரே தொகைதான்: வரி தவிர்த்து 16,049 ரூபாய்.)

இ.எம்.ஐ 18,100. மிச்சம் 8,900. இடைவெளி 9,200 ரூபாய். மாசம் 25 நாள் ஓடினால், ஒரு நாளைக்கு 368 ரூபாய் *கூடுதலா* சம்பாதிக்கணும். "புது வண்டி எடுத்தா செலவு மிச்சம்"னு சொல்லி யாராவது விற்கிறார்கள் என்றால், பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். பெரும்பாலான நேரம் மிச்சத்தால் மட்டும் இ.எம்.ஐ-யைக் கட்ட முடியாது. கூடுதல் லோடு இருந்தால்தான் கட்டுப்படியாகும். அதனால் ஷோரூமுக்குப் போவதற்கு முன்னாடி கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி, "எந்த மாடல் நல்லது?" அல்ல. "அந்த 368 ரூபாய் எந்தத் தோட்டத்தில் இருந்து வரும்?"

இங்கே போட்டிருப்பது சித்தப்பாவின் எண்கள். உங்கள் வட்டி, மைலேஜ், ஓட்டம் எல்லாமே மாறும். எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கணக்கு போடும் முறை ஒன்றுதான்.

புது இன்ஜின், புது பழக்கம்

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ் 6 விதி அமலில் இருக்கிறது. பி.எஸ் 4 காலத்தில் 50 பி.பி.எம் இருந்த டீசலின் கந்தக அளவு 10 ஆகக் குறைந்தது. புகையும் நன்றாகவே குறைந்தது. நாள் முழுக்க அந்த வண்டியோடு வாழும் டிரைவருக்கும் அது நல்லதுதான்.

ஆனால், பி.எஸ் 4 வண்டியில் இருந்து மாறுகிறவர் ஒன்றைத் தெரிஞ்சுக்கணும். பி.எஸ் 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டி.பி.எஃப் என்ற ஃபில்டர் இருக்கும. சேர்ந்த கரியை அது அவ்வப்போது சூடாகி எரித்துக்கொள்ளும். அதுக்கு வண்டி கொஞ்ச நேரம் நிற்காமல் சீரான வேகத்தில் ஓடணும். அரை கிலோமீட்டர் ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டி என்றே நாள் போனால் ஃபில்டர் அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் லைட் எரியும். "லைட்தானே"னு விட்டால் வண்டி இழுக்காது, பெரிய செலவு வைக்கும். சில மாடல்களில் டீசலோடு யூரியா திரவமும் ஊற்ற வேண்டியிருக்கும்.

கூடவே, மரத்தடி மெக்கானிக் காதால் கேட்டே கண்டுபிடித்த கோளாறை, இதில் ஸ்கேனர் மாட்டித்தான் பார்க்கணும். அதனால் மாடலைப் பார்ப்பதோடு, உங்கள் ஊரில் இருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் பாருங்கள்.

பெரிசா எடுக்கிறீங்களா? 3,000 கிலோவைக் கவனிங்க!

"எடுக்கிறதுதான் எடுக்கிறோம், ஒரு சைஸ் பெரிசா எடுத்துடலாம்" என்று தோன்றும். அங்கேதான் ஒரு கோடு இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்கோடு சேர்த்து மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பர்மிட் தேவையில்லை. தாண்டினால் பர்மிட் வாங்கணும். பிரவுஷரில் 'பேலோடு'னு போட்டிருப்பது சரக்கின் எடை மட்டும்தான். ஆர்.சி-யில் வரும் மொத்த எடை என்னன்னு கேளுங்கள்.

லைசென்ஸ் பற்றிப் பயப்பட வேண்டாம். 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை எல்.எம்.வி லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதிசெய்திருக்கிறது.

உண்மையிலேயே பெரிய வண்டி தேவைப்படுகிறவர்களும் உண்டு. தினமும் ஓவர்லோடு ஏற்றுகிறீர்கள் என்றால் நீங்கள் அந்த லிஸ்ட். ஓவர்லோடுக்கு அபராதமே 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் தனியாக 2,000. பிரேக், டயர், உயிர் எல்லாம் அதுக்கு மேலே.

ஜி.எஸ்.டி குறைஞ்சது உண்மைதான், ஆனா...

2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கான ஜி.எஸ்.டி 28-ல் இருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது. வரியோடு 10 லட்சம் இருந்த வண்டி, கம்பெனி விலையை மாற்றாவிட்டால், சுமார் 9.22 லட்சமாகும். நல்ல விஷயம். ஆனால், புதுசின் விலை இறங்கும்போது பழசின் விலையும் கூடவே இறங்கும். எனவே எக்ஸ்சேஞ்ச் விலையை ஒரே இடத்தில் கேட்டு முடிக்காதீர்கள். வெளியே ரெண்டு இடத்தில் விசாரித்துவிட்டுப் பேசுங்கள்.

சர்க்கரைப் பொங்கலில் கல் மாதிரி இன்னொன்று, ஆர்.சி மாற்றம். வண்டியை விற்று, பேர் மாற்றாமல் விட்டால், விபத்து நடந்தால் ஆர்.சி-யில் பேர் இருப்பவர்தான் பொறுப்பு. 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொல்லிவிட்டது. பணத்தை எண்ணிய கையோடு படிவம் 29, 30-ஐ முடித்துவிடுங்கள். பழைய லோன் முடிந்திருந்தால், ஆர்.சி-யில் ஃபைனான்ஸ் பேரை நீக்கும் படிவம் 35-ம் முக்கியம்.

வண்டியை வைத்துக்கொள்வதாக இருந்தாலும் ஒரு செலவு உண்டு. முதல் எட்டு வருஷம் ரெண்டு வருஷத்துக்கு ஒருமுறை எஃப்.சி. அதன்பிறகு வருஷா வருஷம். 2017 மாடல் இப்போ அந்த வரிசைக்கு வந்தாச்சு.

ஒத்திகை இ.எம்.ஐ

எல்லாம் சொல்லி முடித்த பிறகும் சித்தப்பா, "அதெல்லாம் சமாளிச்சுரலாம் பாப்பா" என்றார். "சரி, சமாளிச்சுக் காட்டுங்க" என்றேன்.

ஐடியா ரொம்ப சிம்பிள். மிச்சம் பிடிப்பதெல்லாம் புது வண்டி வந்த பிறகுதான் நடக்கும். ஆனால், அந்த 9,200 ரூபாய் இடைவெளியை இப்போதே தனிக் கணக்கில் போட ஆரம்பிக்கலாம். ஆறு மாசம், ஒரே தேதியில். கட்ட முடிந்தால், இ.எம்.ஐ-யும் கட்ட முடியும் என்ற நம்பிக்கை வரும். கையில் 55,200 ரூபாய் சேர்ந்திருக்கும், லோனையும் குறைக்கலாம். முடியாவிட்டால்? வண்டியை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள். பணமும் உங்களிடமே இருக்கும்.

வைகாசியில் ஆரம்பித்தார். முகூர்த்த மாசம், காய்கறிக்கு நல்ல கிராக்கி, சிரமமே இல்லை. ஆனியிலும் போட்டுவிட்டார். ஆடி வந்தது. கல்யாணம் இல்லை, லோடும் குறைந்தது. 4,000-க்கு மேல் போட முடியவில்லை. அன்றைக்கு அவரே போன் செய்தார்.

"நல்லவேளை பாப்பா. இது நெசமான டியூவா இருந்திருந்தா, பிள்ளையோட ஃபீஸ்ல கை வெச்சிருப்பேன்."

இப்போதைக்கு கிளட்ச், இன்ஜெக்டர் வேலை எல்லாம் சேர்த்து 38,000 செலவு செய்து பழைய வண்டியையே சரிபண்ணிவிட்டார். மாசத்தில் ரெண்டு நாள் நின்றது இப்போ இல்லை. சேஸில் விரிசலோ, இன்ஜினைப் பிரிக்கிற வேலையோ வந்திருந்தால் நானே புதுசு எடுக்கச் சொல்லியிருப்பேன். அந்த வயசு வண்டிக்கு லட்சக்கணக்கில் கொட்டுவதில் அர்த்தமில்லை.

கல்யாண மண்டபங்களுக்கு நேரடியாகக் காய் சப்ளை செய்கிற ஒருவரிடம் சித்தப்பா பேசிக்கொண்டிருக்கிறார். அது அமைந்தாலும் ஆடியிலும் மார்கழியிலும் என்ன ஓட்டுவது என்ற கேள்வி இருக்கிறது. அதனால் ஹோட்டல்களையும் கேட்டுப் பார்க்கிறார். ஒத்திகைக் கணக்கை மட்டும் நிறுத்தவில்லை. இந்த மாசம் எவ்வளவுன்னு கேட்டேன்.

"ஏழாயிரம். இன்னும் ரெண்டாயிரத்து இருநூறு குறையுது. அது வர்ற அன்னிக்கு ஷோரூமுக்கு நீயும் வா!"