இறந்த மாட்டின் விழிக்குள் இருக்கும் நீரில் காரணம் தெரியும்

நேற்று வரை நன்றாக மேய்ந்த மாடு காலையில் செத்துக் கிடந்தால், பாம்பு தீண்டியது என்றோ கண் பட்டுவிட்டது என்றோ சொல்லிப் புதைத்துவிடுகிறார்கள். இறந்த மாட்டின் இரத்தம் விரைவில் கெட்டுவிடும். விழிக்குள் இருக்கும் நீர் அவ்வளவு சீக்கிரம் கெடாது. கால்நடை மருத்துவர் அதை ஊசியால் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால் நைட்ரேட் நச்சு, மக்னீசியக் குறைவு போன்றவை தெரிய வரும். யூரியா அதிகமாக இட்டு, மழையின்றி வாடிய தீவனச் சோளத்தில் நைட்ரேட் மிகுந்திருக்கும். இந்த நச்சு உடலில் மாறி, இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாதபடி செய்துவிடும். முடிவு வரும் வரை காத்திராமல் அத்தீவனத்தை நிறுத்தினால் மற்ற மாடுகளாவது பிழைக்கும். எனவே மாடு இறந்த அன்றே மருத்துவருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும். மூக்கு, வாய், ஆசனவாய் வழியே இரத்தம் கசிந்திருந்தால் அடைப்பான் நோயாக இருக்கலாம். அவர் வரும் வரை உடலைத் தொடவோ அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது.