உங்களுக்குத் தெரியுமா? – கோப்பைக்குக் காத்திருந்த கோச்

அமெரிக்காவில் கல்லூரிக் கூடைப்பந்து பற்றிப் பேச்செடுத்தால், அது எங்கே சுற்றினாலும் கடைசியில் ஜான் வுடன் என்ற பெயரில் வந்து நிற்கும். லாஸ் ஏஞ்சலஸில் உள்ள யூ.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தின் ஆண்கள் அணிக்கு 1948 முதல் 1975 வரை அவர்தான் தலைமைப் பயிற்சியாளர். கடைசி 12 சீசன்களில் 10 தேசியப் பட்டங்கள். அதில் 1967 தொடங்கி 1973 வரை விடாமல் ஏழு. இவ்வளவும் விளையாட்டுப் பக்கம் புரட்டுகிற எவருக்கும் தெரியும். தெரியாத சங்கதிகள் இதோ.

◆ சீசனின் முதல் நாள். நாடு முழுக்கச் சலித்தெடுத்த இளைஞர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பெரிய கோச் வாயைத் திறந்தால் என்ன மந்திரம் வருமோ என்று காது தீட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு அவர் நடத்தும் முதல் பாடம், சாக்ஸ் போடுவது எப்படி என்பது. சாக்ஸை நன்றாக மேலே இழுக்க வேண்டும். சுண்டுவிரல் பக்கம் ஒருமுறை, குதிகால் பக்கம் ஒருமுறை கையால் தடவிப் பார்க்க வேண்டும். சுருக்கம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. பிறகுதான் ஷூ. லேஸை மொத்தமாக ஒரே இழுப்பில் இழுக்காமல் துளைக்குத் துளை இறுக்கி, இரட்டை முடிச்சுப் போட வேண்டும். சுருக்கம் கொப்புளமாகும், கொப்புளம் வந்தால் ஒரு நாள் பயிற்சி போச்சு என்பது அவர் கணக்கு. போன வருடம் கோப்பை தூக்கியவர்களுக்கும் இந்த வகுப்பிலிருந்து விலக்குக் கிடையாது.

◆ யூ.சி.எல்.ஏ.வில் முதல் தேசியப் பட்டம் வந்தது 1964-ல். அது அவருக்கு அங்கே 16-வது சீசன். இன்றைக்கு ஒரு பெரிய பல்கலைக்கழகம் பட்டம் வாங்காத கோச்சைப் பதினைந்து வருடம் வைத்துக்கொண்டிருக்குமா? ஐந்து கொடுத்தாலே அதிகம்.

◆ அவர் யூ.சி.எல்.ஏ.வுக்குப் போனதே பனிப்புயல் புண்ணியத்தில். அவரும் மனைவி நெல்லியும் இண்டியானாக்காரர்கள். அந்தப் பக்கத்தை விட்டு நகர விருப்பமில்லை. மினசோட்டா பல்கலைக்கழகமும் அழைத்திருந்தது. குறித்த நேரத்தில் மினசோட்டாவிலிருந்து போன் வரவில்லை. யூ.சி.எல்.ஏ.விலிருந்து வந்தது. சரி என்று சொல்லிவிட்டார். பனிப்புயலில் தொலைபேசித் தொடர்பு அறுந்ததால் தாமதமான மினசோட்டாவின் அழைப்பு அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது. கொடுத்த வாக்கைத் திரும்பப் பெற அவர் தயாராக இல்லை.

◆ வாக்கைக் காப்பாற்றிப் போய்ச் சேர்ந்த இடம் எப்படி இருந்தது? மூன்றாவது மாடியில், காற்றோட்டம் இல்லாத பழைய ஜிம். வியர்வை நாற்றத்தை வைத்தே மாணவர்கள் அதற்கு ஒரு பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் மல்யுத்தப் பயிற்சி, இன்னொரு பக்கம் ஜிம்னாஸ்டிக்ஸ், நடுவில் கூடைப்பந்து. பயிற்சிக்கு முன்னால் தரையைத் துடைத்தவர்களில் தலைமைப் பயிற்சியாளரும் ஒருவர். தீயணைப்புத் துறை கூட்டத்துக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு சொந்த ஊர் ஆட்டங்களையே வேறு அரங்கங்களைத் தேடிப்போய் ஆட வேண்டியிருந்தது. சம்பளமும் போதவில்லை. ஆரம்ப வருடங்களில் விடிகாலையில் ஒரு பால் பண்ணையில் வேலை பார்த்துவிட்டு, பிற்பகலில் பயிற்சிக்கு வந்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

◆ ஆட்டக்காரராகவும் அவர் சாதாரண ஆளில்லை. பர்டியூ பல்கலைக்கழகத்துக்காக ஆடி, மூன்று வருடம் தொடர்ந்து அகில அமெரிக்க அணியில் இடம்பிடித்தவர். பிறகு வேலை பார்த்துக்கொண்டே தொழில்முறை அணிக்கு ஆடியபோது தொடர்ச்சியாக 134 ஃப்ரீ த்ரோ போட்டார். கூடைப்பந்தின் புகழரங்கத்தில் ஆட்டக்காரராக ஒருமுறை, பயிற்சியாளராக மறுமுறை என்று இரண்டு விதமாகவும் இடம்பெற்ற முதல் ஆள் இவர்தான்.

◆ பயிற்சியாளராக முதல் வருடம்? கென்டக்கியில் டேட்டன் உயர்நிலைப் பள்ளி. 6 வெற்றி, 11 தோல்வி. அங்கே அவர் ஆங்கில வாத்தியாரும்கூட.

◆ இனி கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டிய கதை. 1947-ல் வுடன், டெர்ரே ஹாட் ஊரில் இண்டியானா ஸ்டேட் ஆசிரியர் கல்லூரியின் கோச். அணி நன்றாக ஆடி, கான்சஸ் சிட்டியில் நடக்கும் தேசியப் போட்டிக்கு அழைப்பும் வந்தது. ஆனால் அந்தப் போட்டியில் கறுப்பினத்தவர் ஆடக் கூடாது என்று விதி. வுடனின் அணியில் கிளாரன்ஸ் வாக்கர் என்ற கறுப்பின மாணவர் இருந்தார். அவர் நட்சத்திரம் கிடையாது. பெரும்பாலும் பெஞ்சில் உட்காரும் மாற்று ஆட்டக்காரர். விட்டுவிட்டுப் போயிருந்தால் ஆட்டத்தில் பெரிய குறை தெரிந்திருக்காது. வுடன் அழைப்பையே திருப்பி அனுப்பிவிட்டார். மறுவருடமும் அழைப்பு வந்தது. இந்த முறை எதிர்ப்புகளுக்குப் பணிந்து விதியை நீக்கியிருந்தார்கள். 1948-ல் வாக்கர் களமிறங்கினார். கல்லூரிகளுக்கிடையிலான அந்தத் தேசியப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினத்தவர் அவர். அணி இறுதி ஆட்டத்தில் லூயிவில்லிடம் தோற்றது. வுடனின் பத்துப் பட்டங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தத் தோல்விக்கு இரண்டு வரிக்கு மேல் ஒதுக்குவதில்லை. எனக்கென்னவோ அவர் வாழ்க்கைக் குறிப்பில் முதலில் வைக்க வேண்டியதே இதுதான் என்று தோன்றுகிறது.

◆ 1964-ல் பட்டம் வாங்கிய அணியில் முதல் ஐவரில் ஒருவர்கூட ஆறடி ஐந்து அங்குலத்தைத் தாண்டவில்லை. உயரத்துக்குப் பதில் ஓட்டம். எதிரணி பந்தைக் கையில் எடுத்த நொடியிலிருந்தே களம் முழுக்க நெருக்கும் ‘ஜோன் பிரஸ்’ முறை. அதைக் கையாளச் சொல்லி வற்புறுத்தியவர் உதவிப் பயிற்சியாளர் ஜெர்ரி நார்மன். அந்த சீசனில் 30 ஆட்டம், 30 வெற்றி.

◆ சொந்த ஜூனியர்களிடம் உதை வாங்கிய சாம்பியன்களைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1965 நவம்பர் 27. யூ.சி.எல்.ஏ.வின் புத்தம்புது அரங்கமான பாலி பெவிலியனில் ஒரு ஆட்டம். ஒரு பக்கம், இரண்டு வருடம் தொடர்ந்து தேசியப் பட்டம் வென்ற யூ.சி.எல்.ஏ. அணி. மறுபக்கம், அதே கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள். முதலாண்டுப் பையன்கள் 75–60 என்று அடித்துவிட்டார்கள். அதில் லூ அல்சிண்டர் என்ற நெட்டைப் பையன் மட்டும் 31 புள்ளி. பின்னாளில் அவர் பெயர் கரீம் அப்துல் ஜப்பார். அன்றைய விதிப்படி முதலாண்டு மாணவர் பிரதான அணியில் ஆட முடியாது. அதனால் நாட்டிலேயே சிறந்த கல்லூரி அணி அந்த வருடம் எந்தப் பட்டத்துக்கும் போட்டியிட முடியாமல் உட்கார்ந்திருந்தது! 1966 பட்டம் வேறு கல்லூரிக்குப் போனது.

◆ அந்த அல்சிண்டர் பிரதான அணிக்கு வந்த முதல் சீசனிலேயே மறுபடி 30–0. உடனே கல்லூரிக் கூடைப்பந்தில், பந்தை மேலிருந்து வளையத்துக்குள் திணிக்கும் ‘டங்க்’ அடிக்கத் தடை வந்தது. 1976 வரை நீடித்தது. விதிப் புத்தகத்தில் யார் பெயரும் இல்லை, ஆனால் ஊரெல்லாம் அதை ‘அல்சிண்டர் விதி’ என்றே அழைத்தது. இது உனக்கு நல்லதுதான், ஆட்டம் இன்னும் மெருகேறும் என்று வுடன் அவரைத் தேற்றினார். கரீமின் கைக்கு அடையாளமாகிப்போன ‘ஸ்கைஹூக்’ எறிமுறை அந்த வருடங்களில் தீட்டப்பட்டது.

◆ 1968 ஜனவரி 20. ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம். பேஸ்பால் அரங்கின் நடுவில் பலகைத் தளம் போட்டு நடந்த ஆட்டம், கூட்டம் 52,693. யூ.சி.எல்.ஏ.வின் 47 ஆட்ட வெற்றித் தொடரை ஹூஸ்டன் 71–69 என்று முறித்தது. அல்சிண்டர் கண்ணில் காயத்தோடு ஆடியிருந்தார். இரண்டு மாதம் கழித்து அரையிறுதியில் அதே ஹூஸ்டன் எதிரே வந்தது. யூ.சி.எல்.ஏ. 101, ஹூஸ்டன் 69.

◆ அடுத்து வந்தது 88 ஆட்ட வெற்றித் தொடர். 1971 ஜனவரியில் நோட்டர் டேமிடம் தோற்ற பிறகு தொடங்கி, 1974 ஜனவரியில் அதே நோட்டர் டேமிடம், அதே மைதானத்தில் முடிந்தது. கடைசி மூன்றரை நிமிடம் இருக்கையில் 11 புள்ளி முன்னிலை. அதற்குப் பிறகு யூ.சி.எல்.ஏ.வுக்கு ஒரு புள்ளிகூட விழவில்லை; 71–70. ஆண்கள் கல்லூரிக் கூடைப்பந்தில் 88 இன்னும் உடையாத சாதனை. பெண்கள் பிரிவில் கனெக்டிகட் அணி 2010 டிசம்பரில் அதைத் தாண்டிவிட்டது.

◆ பயிற்சியில் அவர் என்னதான் பேசுவார்? 1974–75 சீசனில் ரொனால்ட் கேலிமோர், ரோலண்ட் தார்ப் என்ற இரண்டு கல்வி உளவியலாளர்கள் பாலி பெவிலியனில் குறிப்பேடும் கையுமாக உட்கார்ந்துவிட்டார்கள். கோச் வாயிலிருந்து வரும் ஒவ்வொன்றையும் வகை பிரித்து எழுதினார்கள். மொத்தம் 2,326 பதிவுகள். வீர உரை இருக்கும், பாராட்டு மழை இருக்கும், திட்டும் இருக்கும் என்று யாரும் நினைப்பார்கள். பாராட்டு ஏழு சதவீதத்தைத் தொடவில்லை. அதிருப்தியும் ஏறக்குறைய அதே அளவுதான். முக்கால் பங்குக்கு மேல் வெறும் தகவல்: காலை எங்கே வை, பந்தை எப்போது விடு, இப்படி இல்லை அப்படி. ஒருவன் தப்புச் செய்தால் முதலில் சரியான முறையைச் செய்து காட்டுவார், அடுத்து அவன் செய்த தப்பை அப்படியே நடித்துக் காட்டுவார், மறுபடி சரியானதைக் காட்டுவார். மூன்றும் சேர்ந்து சில விநாடிதான். உடனே விசில், ஆட்டம் தொடரும். இரண்டு மணி நேரப் பயிற்சிக்காக உதவியாளர்களோடு காலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து திட்டம் போடுவார். எந்த நிமிடத்தில் என்ன என்பது சின்ன அட்டையில் எழுதிக் கையில் இருக்கும். குறித்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிடம் இழுக்க மாட்டார்.

◆ முடி, தாடி விஷயத்தில் கறார் பேர்வழி. அணியின் பெரிய நட்சத்திரமான பில் வால்டன் ஒருநாள் தாடியோடு வந்து, இது என் உரிமை என்றார். உரிமைதான், ஒத்துக்கொள்கிறேன், ஆனால் நீ இல்லாதது எங்களுக்குப் பெரிய குறையாக இருக்கும் என்றார் வுடன். வால்டன் சைக்கிளை மிதித்துக்கொண்டு முடிதிருத்தும் கடைக்கு ஓடினார். 1973 இறுதி ஆட்டத்தில் 22 முறை கூடைக்கு எறிந்து 21-ஐ உள்ளே போட்ட வால்டன் இவர்தான்.

◆ வுடனைப் புனிதராக்கி எழுதுகிறவர்கள் வேகமாகத் தாண்டிப்போகும் பெயர் ஒன்று உண்டு: சாம் கில்பர்ட். கட்டுமானத் தொழிலில் பணம் சேர்த்தவர். யூ.சி.எல்.ஏ. ஆட்டக்காரர்களுக்கு விதிக்குப் புறம்பாகப் பல சலுகைகள் செய்து கொடுத்தார் என்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் புலனாய்ந்து எழுதியது. 1981-ல் பல்கலைக்கழகம் தண்டனையும் பெற்றது. ஆனால் அது வுடன் ஓய்வு பெற்றதற்குப் பிந்தைய காலத்து அணியின் கணக்கில். ஷூ லேஸ் துளை வரை பார்த்தவர் கண்ணில் இது படவில்லையா என்ற கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை. கேட்க வேண்டிய கேள்விதான்.

◆ உச்சத்தில் இருந்தபோதும் அவருடைய வருடச் சம்பளம் 35,000 டாலரைத் தாண்டவில்லை. இன்றைய பெரிய கல்லூரிக் கோச்சுகள் வருடத்துக்குப் பல மில்லியன் டாலர் வாங்குகிறார்கள்.

◆ 2003-ல் பாலி பெவிலியனின் ஆடுகளத்துக்கு அவர் பெயரை வைக்க விரும்பினார்கள். 1985-ல் காலமான மனைவியின் பெயரும் வேண்டும், அதுவும் முதலில் வேண்டும் என்றார். ‘நெல் அண்டு ஜான் வுடன் கோர்ட்’ என்றுதான் இன்றும் எழுதியிருக்கிறது.

◆ ஓய்வு அறிவிப்பு வந்த நேரமும் வேடிக்கை. 1975 அரையிறுதியில் லூயிவில்லை ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்த கையோடு, உடைமாற்றும் அறையில் பிள்ளைகளிடம் சொன்னார்: அடுத்த ஆட்டம்தான் எனக்குக் கடைசி. தோற்ற லூயிவில் அணியின் கோச் டென்னி கிரம், வுடனின் பழைய மாணவர், பழைய உதவியாளர். இறுதி ஆட்டத்தில் கென்டக்கியை 92–85 என்று வீழ்த்திப் பத்தாவது பட்டம். களத்தைவிட்டு வெளியே வரும்போது, அணிக்கு நெடுநாள் ஆதரவாளர் ஒருவர் ஓடி வந்து வாழ்த்தினாராம். போன வருடம் எங்களைக் கைவிட்டதற்கு இது ஈடாகிவிட்டது என்று.